அம்மாவின் போனில் இடமில்லை, அப்பாவின் குரலை அழிக்கவும் முடியாது: என்ன செய்யலாம்?

#1 கடல்பக்க ஜன்னல் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவின் போன் ஒரு மாதமாக ஒரே முறைப்பாடு. 'இடம் போதாது' என்று மேலே ஒரு அறிவித்தல். அதை விரலால் தள்ளிவிட்டால், 'உங்கள் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது, இனி மின்னஞ்சல் வராமல் போகலாம்' என்று கூகுளிடமிருந்து இன்னொன்று. ஆண்ட்ரொய்ட் போன், 64 ஜிபி, வாங்கி நாலு வருடம். கனடாவில் இருந்து அக்கா பேரப்பிள்ளையின் வீடியோ அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது.

நேற்று காலி வீதியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ரீசெட் அடிச்சா புதுசு மாதிரி ஆகிடும் அக்கா, 3,500 ரூபாய்" என்றான். உள்ளே இருப்பதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். "எல்லாம் கூகுளில இருக்கும்" என்றான். அந்த 'இருக்கும்' எனக்குப் பிடிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அப்பா போய் ஒன்றே முக்கால் வருடம். அவர் வட்ஸ்அப்பில் எழுதவே மாட்டார், எல்லாம் குரல்பதிவு. "சந்தைக்கு வந்திட்டன், முருங்கைக்காய் வேணுமா" என்று கேட்டதுகூட அம்மாவின் போனில் இருக்கிறது. அம்மா இரவில் போட்டுக் கேட்பார். அதனால் ஒன்றையும் அழிக்க விடமாட்டேன் என்கிறார். எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று யாராவது வடிவாகச் சொல்வீர்களா? நான் ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறவள்தான். ஆனால் இந்த ஒரு போனில் மட்டும் கை நடுங்குகிறது.

#2 டேட்டா தீர்ந்தவள் | ஞாயிறு, இரவு 10.05

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கூகுள் வன் (Google One) சேவையில் 100 ஜிபி இடம் எடுத்து மாதாமாதம் காசு கட்டிவிடுங்கள். நான் இரண்டு வருடமாக அதுதான். ஒரு தொல்லையும் இல்லை.

#3 திருப்புளி | ஞாயிறு, இரவு 10.50

அக்கா, போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. நான் பம்பலப்பிட்டியில் போன் திருத்துகிறவன். எங்கள் தொழிலில் ரீசெட் என்பது சோம்பேறி வைத்தியம். எந்த நோய்க்கும் கேட்கும், நோயாளி மிஞ்சுவாரா என்பதுதான் கேள்வி.

மேலே சகோதரி சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது ஒரு வருத்தம் இல்லை, இரண்டு. முதலாவது அறிவித்தல் போனின் வயிறு நிறைந்தது, அந்த 64 ஜிபி. அதில் ஆண்ட்ரொய்டே ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கூகுள் கணக்கின் வயிறு. இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் ஒரே சட்டியில் இருந்துதான் தின்னும். 2021 ஜூன் வரை போட்டோஸில் தரத்தைச் சற்றுக் குறைத்து ஏற்றினால் கணக்கில் சேராது. அதற்குப் பிறகு ஏற்றுவது எல்லாம் சேரும். ஆண்ட்ரொய்டில் வட்ஸ்அப் பெக்அப்பும் முன்பு சேராமல் இருந்தது, 2024இல் இருந்து அதையும் சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் ஒன்றுமே செய்யாமல் இருந்த அம்மாமாருக்கெல்லாம் திடீரென்று இந்த அறிவித்தல் வருகிறது. கூகுளுக்குக் காசு கட்டினால் இரண்டாவது வயிறு பெரிதாகும். போனின் வயிறு அப்படியேதான் இருக்கும், பேரப்பிள்ளையின் வீடியோ இறங்காது.

இப்போதைக்கு ஒன்றையும் அழிக்காமல் பார்க்க மட்டும் செய்யுங்கள். வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதற்குள் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மனேஜ் ஸ்டோரேஜ். அங்கே 5 எம்பிக்கு மேற்பட்டவை ஒரு பெட்டியில் இருக்கும், பலமுறை ஃபோர்வர்ட் ஆனவை இன்னொரு பெட்டியில் இருக்கும். கீழே ஒவ்வொரு ஆளுடைய, குழுவினுடைய உரையாடலும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பெரிதிலிருந்து சிறிதாக வரிசை. அப்பாவின் பெயர் எத்தனையாவது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆக அடியில்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஒரு நிமிடக் குரல்பதிவு ஒரு எம்பிகூட வராது. நீங்கள் பயப்படும் பொருள் இடம் பிடிக்கும் பொருளே இல்லை.

#4 155இல் நிற்பவன் | ஞாயிறு, இரவு 11.15

எங்கள் அம்மாவின் போனில் பார்த்தேன். முதலிடம் கோயில் திருவிழாக் குழு. இரண்டாமிடம் 'காலை வணக்கம்' ரோசாப்பூக்கள். மூன்றாமிடம் முழங்கால் வலிக்கு வெந்தயம். மகன் இருபத்தேழாவது.

#5 மருதானை நானா | திங்கள், காலை 6.20

தங்கச்சி, நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படவேண்டாம். போன வருடம் எனக்கும் இதே இடப் பிரச்சினை. படமெல்லாம் கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டதுதானே, போனில் எதற்கு இரண்டாவது என்று நினைத்து, அதே போட்டோஸ் அப்பைத் திறந்து ஆயிரத்துச் சொச்சம் படங்களைத் தெரிவுசெய்து அழித்தேன். போனில் இடம் வந்தது. சந்தோசம். இரண்டரை மாதம் கழித்து மகளின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படத்தைத் தேடினால் எங்குமே இல்லை.

அந்த அப்பில் அழிப்பது என்றால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் வைத்திருப்பார்கள். நான் போன நேரம் 60 நாள் தாண்டிவிட்டது. போனில் இருப்பதை மட்டும் எடுக்க 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது ஏற்கெனவே மேலே ஏறியதை மட்டும் போனில் இருந்து எடுக்கும். இது எனக்குப் பிறகுதான் தெரியும். மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறா.

#6 கடல்பக்க ஜன்னல் | திங்கள், இரவு 8.30

நானா, வாசிக்கவே வயிறு பிசைந்தது. நன்றி.

திருப்புளி, நீங்கள் சொன்னது சரி. வட்ஸ்அப் மொத்தம் 31 ஜிபி. அதில் அம்மா படித்த பாடசாலையின் பழைய மாணவிகள் குழு மட்டும் 11 ஜிபி. அப்பாவின் உரையாடல் பதினாலாவது, 190 எம்பி. அம்மாவுக்குக் காட்டினேன். "இவ்வளவுதானா அவர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அழிப்பதற்கு முன் அந்தக் குரல்களை வெளியே எடுக்க விரும்புகிறேன். கொம்பியூட்டரில் கேபிள் போட்டுப் பார்த்தேன், போன் சார்ஜ் ஆகிறதே தவிர உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வட்ஸ்அப் பெக்அப் கூகுளில் இருக்கிறதே, அது போதாதா?

#7 திருப்புளி | திங்கள், இரவு 11.10

போதாது. வட்ஸ்அப் பெக்அப் என்பது பூட்டிய பெட்டகம். டிரைவில் போய் அதைத் திறந்து ஒரு குரலை எடுத்துக் கேட்க முடியாது. அதே இலக்கத்தில் வட்ஸ்அப்பைத் திரும்பப் போடும்போதுதான் திறக்கும். அதுவும் பெக்அப்புக்குக் கடவுச்சொல் போட்டு வைத்து அதை மறந்தால் வட்ஸ்அப்காரராலும் திறக்க முடியாது. இன்னொன்று: கணக்கு நிறைந்து ஒரு மாதம் ஆகிறது என்றீர்கள். அப்படியென்றால் கடைசிப் பெக்அப் எந்தத் திகதி என்று செட்டிங்ஸில் சட் பெக்அப்பில் பாருங்கள். நிறைந்த நாளோடு அது நின்றிருக்கும். கடைக்காரப் பையனின் 'இருக்கும்' அந்த இடத்தில்தான் கவிழ்ந்திருக்கும்.

கேபிள் விஷயம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் என்று ஒரு சாதி உண்டு, உள்ளே தரவு போகும் கம்பியே இருக்காது. மலிவாக வாங்கியது பெரும்பாலும் அதுதான். போனோடு பெட்டிக்குள் வந்த கேபிளைத் தேடி எடுங்கள். செருகியதும் போனின் மேல்திரையை இழுத்தால் 'யூஎஸ்பி சார்ஜிங்' என்று ஒரு வரி நிற்கும், அதைத் தொட்டு ஃபைல் டிரான்ஸ்ஃபருக்கு மாற்றுங்கள். போன் பூட்டுத் திறந்திருக்க வேண்டும்.

உள்ளே போகும் வழி: ஆண்ட்ரொய்ட் என்ற கோப்புறை, அதற்குள் மீடியா, அதற்குள் கொம் டொட் வட்ஸ்அப், பிறகு வட்ஸ்அப், பிறகு மீடியா. அங்கே வொய்ஸ் நோட்ஸ் என்று முடியும் ஒரு கோப்புறை. அதைத் திறந்தால் 202231, 202232 என்று குட்டிக் கோப்புறைகள் நிறைய. முதல் நாலு இலக்கம் வருடம், அடுத்த இரண்டும் வருடத்தில் எத்தனையாவது கிழமை என்பது. அதை முழுசாக அப்படியே கொப்பி பண்ணுங்கள். தெரிவுசெய்யப் போகவேண்டாம். ஏனென்றால் எல்லா ஆட்களின் குரலும் அங்கே ஒன்றாகக் கிடக்கும், கோப்பின் பெயரில் திகதி இருக்குமே தவிர ஆளின் பெயர் இருக்காது.

அப்பாவுடையதை மட்டும் தனியாக வேண்டுமென்றால் இரண்டாவது வழி. அப்பாவின் உரையாடலைத் திறந்து மேலே மூன்று புள்ளி, மோர், எக்ஸ்போர்ட் சட், மீடியாவுடன். எழுதியதெல்லாம் ஒரு எழுத்துக் கோப்பாகவும் குரல்கள் தனித்தனியாகவும் வரும். மீடியாவுடன் எடுத்தால் கடைசிப் பத்தாயிரம் செய்தி வரைதான் வரும் என்று ஒரு எல்லை உண்டு, உங்களுக்கு அது போதும். அனுப்பும் இடம் உங்கள் டிரைவாக இருக்கட்டும், அம்மாவுடையது நிறைந்திருக்கிறது.

இரண்டு வழியிலும் எடுங்கள். குரல் கோப்பு ஓபஸ் என்ற வகை, சில கொம்பியூட்டரில் திறக்காது. விஎல்சி போட்டால் திறக்கும். கொப்பி பண்ணியதும் நாலைந்தையாவது கொம்பியூட்டரில் போட்டுக் கேளுங்கள். கேட்காமல் அழிக்கத் தொடங்கவேண்டாம்.

#8 155இல் நிற்பவன் | செவ்வாய், காலை 7.45

பஸ்ஸுக்குள் இருந்து எழுதுகிறேன். பென் டிரைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு சொல். புறக்கோட்டை நடைபாதையில் '2 டிபி' என்று அச்சடித்த பென் டிரைவை நான் வெறும் 2,000 ரூபாய்க்கு வாங்கினேன். கொம்பியூட்டரும் 2 டிபி என்றே காட்டியது. உண்மையில் உள்ளே இருந்தது 16 ஜிபி அளவுதான். அதற்கு மேல் போட்டதெல்லாம் பெயர் தெரியும், திறந்தால் வெறும் காற்று. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. புது டிரைவை முழுக்க நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்த்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். போடுவதற்கு முன்னால் அதை ஓடவிடுங்கள்.

இன்னொன்று, இவ்வளவு பாடுபடுவதற்கு அம்மாவுக்கு ஒரு புதுப் போனே வாங்கலாமே?

#9 திருப்புளி | செவ்வாய், மதியம் 1.20

வாங்கலாம். ஆனால் பழைய குப்பையோடு குடிபோனால் புது வீடும் நாலு மாதத்தில் அதுதான். வாங்குவதென்றால், ஆண்ட்ரொய்டில் இருந்து ஆண்ட்ரொய்டுக்கு கூகுள் பெக்அப்பே தேவையில்லை. வட்ஸ்அப்பில் டிரான்ஸ்ஃபர் சட்ஸ் என்று இருக்கிறது, இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் புதுப் போனில் வரும் கியூஆர் குறியைப் பழைய போனால் பிடித்தால் நேரடியாகப் போகும். பழைய போனைக் குறைந்தது ஒரு மாதமாவது அழிக்காமல் அலுமாரியில் வையுங்கள்.

பாவித்த போன் வாங்குகிறவர்கள் காசு கொடுக்க முன்பு நட்சத்திரம், சதுரம், 06, சதுரம் (*#06#) அடித்து வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். பதியாத போனை மலிவு என்று வாங்கிவிட்டு என்னிடம் அழுதுகொண்டு வருகிறவர்கள் கிழமைக்கு இரண்டு பேர்.

#10 டேட்டா தீர்ந்தவள் | செவ்வாய், இரவு 9.00

நான் முதலில் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்க. ஆனால் ஒரு விஷயம் ஒருவரும் கவனிக்கவில்லை. அப்பா போய் ஒன்றே முக்கால் வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு ஜிமெயில் இருந்ததா? இரண்டு வருடம் ஒருவரும் உள்ளே போகாத கூகுள் கணக்கை அவர்கள் முழுசாக அழித்துவிடலாம், படம், மெயில், டிரைவ் எல்லாம். 2023 டிசம்பரில் இருந்து அந்த நடைமுறை இருக்கிறது. உங்களுக்கு இன்னும் மூன்று மாதம்தான். என் மாமாவின் கணக்கில் அவர் எடுத்த கல்யாணப் படங்கள் அப்படித்தான் போயின.

வட்ஸ்அப்பும் அப்படியே, 120 நாள் ஓடாமல் இருந்தால் கணக்கு போய்விடும். அப்பாவின் வட்ஸ்அப் கணக்கு ஏற்கெனவே போயிருக்கும். அதனால் அம்மாவின் போனில் இருக்கும் குரல்களுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படவேண்டாம்.

#11 கடல்பக்க ஜன்னல் | செவ்வாய், இரவு 9.25

ஐயோ. இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவுக்கு ஜிமெயில் இருந்தது. ஊர்க்கோயிலின் சிறப்பு மலரைப் போடும் குழுவோடு அதில்தான் தொடர்பு. கடவுச்சொல் அவருடைய டயரியில் இருக்கிறது. என் மடிக்கணினியில் போட்டேன், குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று அப்பாவின் இலக்கத்தைக் காட்டுகிறது. அந்த சிம்முக்கு அப்பா போனதில் இருந்து ஒருவரும் ரீலோட் பண்ணவில்லை.

#12 மருதானை நானா | செவ்வாய், இரவு 9.50

தங்கச்சி, தப்பாக நினைக்கவேண்டாம். மௌத்தானவரின் கடிதப்பெட்டியைப் பிள்ளை என்றாலும் திறக்கலாமா? எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை. வாப்பாவின் போனை நாங்கள் பூட்டியபடியே வைத்திருக்கிறோம்.

#13 டேட்டா தீர்ந்தவள் | செவ்வாய், இரவு 10.15

நானா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முறைப்படி என்றால், இறந்தவரின் கணக்கு பற்றி நெருங்கிய உறவினர் கூகுளிடம் விண்ணப்பிக்க ஒரு படிவம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாள அட்டையும் கேட்பார்கள். கடவுச்சொல் தரமாட்டார்கள், தரவு தருவதா என்று பார்த்து முடிவு சொல்வார்கள்.

நாங்கள் உயிரோடு இருக்கும்போதே செய்யக்கூடியது இனெக்டிவ் அக்கவுண்ட் மனேஜர். 3, 6, 12, 18 மாதம் என்று ஒன்றைத் தெரிவுசெய்து, அவ்வளவு காலம் நான் உள்ளே வராவிட்டால் இன்னாருக்கு இன்னது கிடைக்கட்டும் என்று எழுதிவைக்கலாம். பத்துப் பேர்வரை போடலாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே நான் போடவில்லை என்று ஞாபகம் வந்தது. போட்டுவிட்டு வருகிறேன்.

#14 திருப்புளி | செவ்வாய், இரவு 11.30

அக்கா, அப்பாவின் போன் இன்னும் இருக்கிறதா? இருந்தால் சார்ஜில் போட்டு வீட்டு வைஃபையில் இணையுங்கள். அதில் ஜிமெயில் ஏற்கெனவே திறந்தபடிதான் இருக்கும், குறியீடு ஒன்றும் கேட்காது. அந்தப் போனில் ஜிமெயிலைத் திறந்து ஒரு மெயிலை வாசித்தாலே கணக்கு உயிரோடு இருப்பதாகக் கணக்கு. பிறகு ஆறுதலாக கூகுள் டேக்அவுட் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் ஒரு பொதியாக இறக்கலாம்.

சிம்மை முதலில் கவனியுங்கள். நீண்ட நாள் ரீலோட் பண்ணாத இலக்கத்தை வெட்டிவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பாவின் வங்கி, மின்சாரக் கட்டணக் கணக்கு எல்லாவற்றுக்கும் குறியீடு அந்த ஆளுக்குப் போகும். இன்னும் உயிரோடு இருந்தால் ஒரு சின்ன ரீலோட் போட்டுப் பிடித்துவையுங்கள்.

#15 கடல்பக்க ஜன்னல் | வியாழன், இரவு 10.00

இரண்டு நாளாக வீடே கடை மாதிரி. நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவின் போன் அலுமாரியில் வேட்டிகளுக்கு நடுவில் இருந்தது. அரை மணித்தியாலம் சார்ஜ் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தது. சிம் போய்விட்டது. ஆனால் ஜிமெயில் திறந்தது. அம்மாவைக் கேட்டேன், "அவரே டயரியில எழுதி வைச்சிருக்கிறார்தானே, பிறகென்ன" என்றார். நானா, உங்கள் கேள்வியை நான் மறக்கவில்லை. கடிதங்களை வாசிக்கவில்லை, ஒன்றை மட்டும் திறந்துவிட்டு டேக்அவுட் கொடுத்தேன்.

குரல்கள் இரண்டு வழியிலும் வந்துவிட்டன. அப்பாவுடையது மட்டும் 412. பாதிக்கு மேல் மரக்கறி.

பிறகு அம்மாவின் போனில் 5 எம்பிக்கு மேற்பட்டதை ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டி அழித்தேன். 22 ஜிபி போனது. மீடியா தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன்: மொபைல் டேட்டாவில் ஒன்றும் இறங்காது, வைஃபையில் படம் மட்டும். அப்புறம் அப் இன்ஃபோவில் கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) அழிப்பதற்குப் பக்கத்திலேயே டேட்டா அழிக்கும் பொத்தானும் இருக்கிறதே, அதை வைத்தவர் யார்? ஒரு விரல் தவறினால் வட்ஸ்அப்பே துடைத்தபடி.

இப்போது புதுப் பிரச்சினை. டேக்அவுட் பொதிக்குள் அப்பா மலருக்கு எழுதிய கட்டுரைகள் வேர்ட் கோப்பாக 30க்கு மேல் இருக்கின்றன. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. கெட்டுப்போய்விட்டதா? மூலையில் இருக்கும் அவருடைய பழைய கொம்பியூட்டரில் பார்க்கலாம் என்றால், அது விண்டோஸ் 7. ஒவ்வொரு முறையும் திகதி 2009 ஜனவரி என்கிறது, இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று தடுக்கிறது.

#16 திருப்புளி | வியாழன், இரவு 10.40

கொம்பியூட்டருக்கு வந்தது பெரிய வருத்தம் இல்லை. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் குற்றி மாதிரி ஒரு பற்றரி இருக்கும், சிஆர் 2032. அது செத்தால் கறண்ட் போனதும் மணிக்கூடு ஆரம்பத் திகதிக்குப் போய்விடும். இணையப் பக்கங்களின் சான்றிதழுக்கெல்லாம் இந்தத் திகதியில் இருந்து இந்தத் திகதிவரை என்று ஒரு காலம் உண்டு. உங்கள் கொம்பியூட்டர் 2009இல் வாழ்ந்தால் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் தடுக்கிறது. பற்றரி மாற்றினால் சரி. ஆனால் விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரியோடு கைவிரித்துவிட்டது, குரோமும் 2023இல் நிறுத்திவிட்டது. அதை இணையத்தில் விடவேண்டாம். பென் டிரைவால் கோப்புகளை எடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

ஆங்கிலக் குப்பை என் துறை இல்லை. தட்டெழுத்தர் ஐயா எங்கே?

#17 பழைய தட்டெழுத்தர் | வெள்ளி, காலை 5.50

வந்துவிட்டேன். மகள், அது குப்பை இல்லை, பாமினி.

யூனிகோட் (இப்போது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) வருவதற்கு முன் நாங்கள் எல்லோரும் பாமினி எழுத்துருவில்தான் அடித்தோம். கோயில் மலர், கல்யாண அட்டை, நினைவு மலர், பத்திரிகை எல்லாம் அதுதான். அந்த முறையில் கொம்பியூட்டருக்குத் தமிழ் என்றே தெரியாது. அது சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தை. பாமினி என்ற எழுத்துரு அந்த ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடியைப் போட்டுக் காட்டும். உங்கள் அப்பா 'அம்மா' என்று அடித்திருந்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். உங்கள் கொம்பியூட்டரில் பாமினி இல்லை, முகமூடி கழன்றுவிட்டது, அவ்வளவுதான். ஒரு எழுத்தும் கெடவில்லை.

வாசிக்க மட்டும் என்றால் பாமினி எழுத்துருவை நிறுவினால் போதும், பழைய கொம்பியூட்டரின் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலேயே இருக்கும். ஆனால் அம்மாவின் போனில் வாசிக்க, தேட, பிள்ளைகளுக்கு அனுப்ப, யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். சுரதா தளத்தில் பொங்குதமிழ் மாற்றி இருக்கிறது. பாமினியைத் தெரிவுசெய்து, ஒட்டி, மாற்றி, வெளியே வருவதைப் புதுக் கோப்பில் சேமிக்கவேண்டும். மூலக் கோப்பின் மேல் சேமிக்கவே கூடாது.

ஒரு பொறி இருக்கிறது. கட்டுரைக்கு நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றிக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் பிடித்துத் தமிழாக்கிவிடும். வேர்டில் ஒரு பாமினி வரியில் சுட்டியை வைத்து, ஹோமில் செலெக்ட் என்பதற்குள் 'ஒத்த வடிவமைப்புள்ள எல்லாவற்றையும் தெரிவுசெய்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைக் கொடுத்தால் பாமினிப் பகுதி மட்டும் பிடிபடும், ஆங்கிலம் விலகி நிற்கும். உங்கள் அப்பா வேறு வேறு அளவில் அடித்திருந்தால் அளவுக்கு ஒரு முறை செய்யவேண்டி வரும். பொறுமை வேண்டும்.

விசைகளின் இடத்தைப் பார்த்தால் பாமினி, பழைய ரெங்கநாதன் தட்டச்சுப்பொறியின் வழிதான். நான் 1978இல் திணைக்களத்தில் சேர்ந்தபோது பழகியது. இன்றைக்கும் கை அதில்தான் ஓடும், இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டுப் பாமினி முறையிலேயே யூனிகோட் அடிக்கிறேன். பேரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

#18 155இல் நிற்பவன் | வெள்ளி, காலை 8.00

ஐயா, அப்பாவின் பழைய கல்யாண அட்டை அச்சில்தான் இருக்கிறது, கோப்பு இல்லை. என்ன செய்யலாம்?

#19 பழைய தட்டெழுத்தர் | வெள்ளி, காலை 9.10

வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திற என்று கொடுங்கள். தமிழ் அச்சை எழுத்தாக்கித் தரும். அலங்கார எழுத்தில் கொஞ்சம் தடுமாறும்.

#20 கடல்பக்க ஜன்னல் | சனி, இரவு 11.35

ஐயா, மாற்றி வேலை செய்கிறது! முதல் கட்டுரை, திருவெம்பாவை பற்றி, முழுசாக வந்துவிட்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனிலேயே வாசிக்கிறார். நான் அவசரத்தில் ஒத்த வடிவமைப்பு என்று தெரிவுசெய்யாமல் எல்லாவற்றையும் அள்ளி ஒட்டிவிட்டேன். அதனால் சில இடங்களில் அர்த்தமில்லாத சொற்கள். 'வாந' என்று அடிக்கடி வருகிறது. காற்புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் 'இ' நிற்கிறது. கட்டுரையின் கடைசி வரி மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அப்பாவின் பெயர், அதற்குக் கீழே: 'ஊழடழஅடிழ 06'. ஏதாவது பழைய தமிழ்ச் சொல்லா? அம்மாவுக்கும் தெரியவில்லை.

#21 பழைய தட்டெழுத்தர் | ஞாயிறு, காலை 5.40

'வாந' என்பது ஆங்கிலத்தின் 'the'. டீ, எச், ஈ மூன்றும் பாமினியில் வ, கால், ந. ஆங்கிலக் காற்புள்ளி பாமினியில் 'இ' விசை, அதனால் அது.

மற்றதற்கு அகராதி பார்க்கவேண்டாம் மகள். ஆங்கில எழுத்து 'சீ'க்கு ஊ, 'ஓ'வுக்கு ழ, எல்லுக்கு ட, திரும்ப ழ, எம்முக்கு அ, பீக்கு டி, கடைசியில் ஒரு ழ. எண்கள் மட்டும் மாறாது, 06 அப்படியே நிற்கிறதே. வெள்ளவத்தைக்காரி நீங்கள், பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டாமா?

#22 கடல்பக்க ஜன்னல் | ஞாயிறு, காலை 7.15

கொழும்பு 06! எங்கள் முகவரி!

அம்மாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. இப்போது காலையில் இருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் "நாங்கள் ஊழடழஅடிழவில இருக்கிறம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

#23 திருப்புளி | ஞாயிறு, காலை 10.30

அக்கா, சிரிப்பு சரி. அந்த 412 குரலும் இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது?

#24 கடல்பக்க ஜன்னல் | ஞாயிறு, காலை 10.42

அம்மாவின் போன், என் மடிக்கணினி, என் டிரைவ். அக்காவுக்கு அனுப்ப இன்று பென் டிரைவ் வாங்கப் போகிறேன். நடைபாதையில் இல்லை.